நிற்கும் இடம் எது?

பொதிகை மலைத் தொடருக்குக் கிழக்கே, தென்காசிக்கு அண்மையில், வயல்களும் குளங்களும் சூழ அமைந்த பேரூர் ஆய்க்குடி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரனின் ஊர்ப் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கின்றது. முடமோசியார் அவனைப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவ்வூர் வரப்பில் நின்று மேற்கே நோக்குவார்க்கு மலை கைக்கெட்டும் தொலைவில் இருப்பது போலத் தோன்றும். ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து சாரல் தூவும். குற்றாலத்து அருவிகள் ஆர்த்து விழும். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே திரள்வர்.

தொலைவிலிருந்து காண்பார்க்கு ஒரே பச்சைச் சுவராகத் தோன்றும் அம்மலை, உள்ளே புகுந்தார்க்கு அவ்வாறு தோன்றுவதில்லை. ஒரு மடிப்பைப் போலவே மற்றொரு மடிப்பு. ஓர் ஓடையைப் போலவே இன்னோர் ஓடை. பத்து அடி தொலைவில் முகில் வந்து படிந்தால் வந்த வழியும் மறைந்துபோம். திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியிலே, சிங்கியைக் காணாத சிங்கன் அவளைத் தேடி அலைகின்றான். மலையிலே பிறந்து வளர்ந்த குறவனே தன் துணைவியைத் தேடி அலைந்தான் எனின், பட்டினத்திலிருந்து வந்தவர் வழி தவறுவதில் வியப்பில்லை. அம்மலைகளில் வாழும் காணிக்காரரும் பளியரும் மரத்தையும் பாறையையும் நீரோட்டத்தையும் கொண்டு வழியறிவர். அவ்வறிவு பல தலைமுறைப் பழக்கத்தால் வருவது; ஒருநாட் பயணிக்கு அது வாய்ப்பதில்லை. அத்தகையோர்க்கு இந்நாளில் துணையாக வந்திருப்பது, ஜி.பி.எஸ். என மக்கள் வழங்கும் இடங்காட்டும் முறை. இன்று பலர் சட்டைப் பையிலும் இருக்கும் கைப்பேசியில் அது அடங்கியுள்ளது.

ஒருவன் தான் நிற்கும் இடத்தை அறிவது முற்காலத்தில் எளிய செயலாக இருக்கவில்லை. வடக்கு தெற்காக எவ்விடத்தில் நிற்கின்றான் என்பதைத் துருவ மீன் ஓரளவு உணர்த்தும். ஓர் ஊரின் அட்சம் எத்தனை பாகையோ ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அவ்வூரார்க்குத் துருவ மீன் தோன்றும். ஆய்க்குடியில் அது 9 பாகை உயரத்திலே நிற்கும். அஃதாவது, நீட்டிய கையின் முட்டியகலத்தை அடிவானத்தின்மேல் வைத்தால் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. இத்துணைத் தாழ்வில் நிற்பதால் ஒரு சிறு குன்றோ முகிலோ அதனை மறைக்கப் போதும். கிழக்கு மேற்காக எவ்விடம் என்று அறிவதோ அதனினும் அரிது. அதற்குப் பிழையாத கடிகாரம் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயக் கைவினைஞர் கடற்பயணத்திலும் பிழையாத கடிகாரத்தைச் செய்த பின்னரே மாலுமிகள் அதனைச் செவ்வையாக அறிந்தனர்.

நிலத்தை அளப்பதற்கு லாம்டன் என்பார் பட்ட பாடு தமிழ்நாட்டார் அறியத் தக்கது. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அவர் அடிக்கோடு ஒன்றை அளந்து, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே தெற்கே குமரி முனை வரை சென்றார். கோணம் அளக்க அவர் கொண்ட கருவியின் எடை அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதனை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிப் பழுதுற்றது. அதனைச் செப்பனிட அவர் பல வாரங்கள் உழைத்தார். அன்று அத்துணை அரும்பாடு பட்டு அறியப்பட்ட செய்தியை, இன்று ஒரு சிறுவன் சில நொடிகளில் அறிகின்றான்.

இது நிகழும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆய்க்குடி, தென்காசி, இலஞ்சி ஆகிய மூன்று ஊர்க் கோயில்களிலும் ஒரே நொடியில் மணி அடிப்பதாகவும், அவ்வோசை தடையின்றிப் பரவுவதாகவும் கொள்க. இடையில் ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தோடு நிற்கின்றான். ஓசை மூன்று நொடிகளில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செல்லும். ஆகவே ஒவ்வொரு மணியோசையும் எத்தனை நொடி தாழ்ந்து வந்தது எனக் கணக்கிட்டால், ஒவ்வொரு கோயிலும் எத்தனை தொலைவு என்பது விளங்கும். மூன்று தொலைவுகளும் பொருந்தும் இடம் ஒன்றே. அதுவே அவன் நிற்கும் இடம். இங்கே கோயில்களுக்கு ஈடாக விளங்குவன, நிலத்திற்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக் கோள்கள். மணியோசைக்கு ஈடாக விளங்குவன அவை விடுக்கும் வானொலி அலைகள். அவ்வலைகள் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் விரைவில் வருவன. ஆகையால் கடிகாரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீட்டர் பிழைத்துவிடும். இக்காரணத்தால் கோள்கள் அணுக்கடிகாரங்களைச் சுமந்து செல்கின்றன. கைக்கருவியின் எளிய கடிகாரத்தைத் திருத்துவதற்கு நான்காவது கோள் ஒன்றும் வேண்டும். எனவே நான்கு கோள்களேனும் கருவிக்குத் தென்படவேண்டும் என்பது விதி. ஐன்ஸ்டைனின் சார்பியல் கூறியவாறு விண்ணிலுள்ள கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு விரைந்து ஓடும்; அதனையும் கணக்கிட்டுத் திருத்தாவிடின் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிழை சேர்ந்துவிடும்.

இம்முறையை அமெரிக்க நாடு தன் படைகளின் பொருட்டு அமைத்தது. முதற் கோளை 1978-இல் ஏவியது. 1983 செப்டம்பர் 1-ஆம் நாள் கொரிய நாட்டு வானூர்தி ஒன்று வழி பிழைத்துச் சோவியத்து எல்லைக்குள் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். அதன் பின்னரே, அம்முறை முற்றுப்பெற்றதும் பொதுமக்களும் அதனைப் பயன்கொள்ளலாம் என அந்நாட்டுத் தலைவர் ரேகன் அறிவித்தார். இந்தியாவும் இதற்கெனத் தன் கோள்களை 2013 முதல் ஏவத் தொடங்கியது. 2016-இல் அத்தொகுதிக்கு நாவிக் என்னும் பெயர் சூட்டப்பட்டது.

இங்கே மாணவர் உளங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கைக்கருவி விண்ணிலிருந்து வரும் அலைகளைக் கேட்பதேயன்றித் தான் ஒன்றும் கூறுவதில்லை. கண்கட்டி நின்றவன் மணியோசையைக் கேட்டுத் தன் இடத்தை அறிந்தான்; ஆயினும் அவன் அங்கே நிற்பதைக் கோயிலார் அறியார். தன் இடத்தைத் தான் அறிதல் ஒன்று. அதனைப் பிறர் அறியச் செய்தல் வேறொன்று. இடர் வந்த காலத்தில் உயிர் காப்பது இரண்டாவதே. விண்ணிலுள்ள கோள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது எனப் பலர் எண்ணி இருக்கின்றனர். அவ்வெண்ணம் தவறு.

பிறர்க்கு அறிவித்தல் எண்களைச் செவ்வையாகக் கூறுவதில் தொடங்குகின்றது. ஓரிடம் அட்சம், தீர்க்கம் என்னும் இரண்டு எண்களால் குறிக்கப்படும். அவற்றைப் பாகை, கலை எனப் பிரித்தும் எழுதலாம்; பாகையைத் தசம இலக்கமாகவும் எழுதலாம். குற்றாலம் ஏறத்தாழ 8 பாகை 56 கலை வட அட்சத்திலும், 77 பாகை 17 கலை கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. ஒரு பாகைக்கு 60 கலை. ஆதலின் அதனையே தசமத்தில் எழுதினால் 8.93 எனவும் 77.28 எனவும் ஆகும். குற்றால மலையில் கால் முறிந்து கிடக்கும் ஒருவனின் தோழன் இவ்வேறுபாட்டை அறியாது, "எட்டு, ஐம்பத்தாறு, எழுபத்தேழு, பதினேழு" எனத் தொலைபேசியில் கூறுவதாகக் கொள்க. கேட்பவர் அதனை 8.56 எனவும் 77.17 எனவும் எழுதிக்கொண்டால், அவர் தேடும் இடம் அகத்தியமலைக்கும் தென்மேற்கே, கேரள நாட்டுக் காட்டினுள் சென்று முடியும். குற்றாலத்திலிருந்து அது 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு, இடையே மலைமுடி. அடிபட்டவன் குருதி கசியக் காத்திருப்பான். மீட்க வந்தோர் மலையின் மறுபுறத்தே தேடிக்கொண்டிருப்பர்.

முன்னெண்ணைப் பின்னும் பின்னெண்ணை முன்னும் மாற்றிக் கூறுவாரும் உளர். அவ்வாறு கூறினால் குற்றாலம் வடதுருவத்தை அடுத்த குளிர்கடலுக்குச் சென்றுவிடும்! அஃது எவர்க்கும் உடனே பிழையெனத் தோன்றுமாதலின் அதனால் பெருங்கேடு இல்லை. நம்பத்தக்கதாக அமைந்த பிழையே அஞ்சத் தக்கது. ஆகவே எண்களை ஒவ்வோர் இலக்கமாக நிறுத்திச் சொல்லல் வேண்டும். "பாகை", "கலை", "புள்ளி" என்னும் சொற்களை விடாது சொல்லல் வேண்டும். கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்தலும் வேண்டும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் மட்டும் கூறினால் ஒரு கிலோமீட்டர் அளவிற்கு ஐயம் எஞ்சும். நான்கு கூறினால் ஏறத்தாழ 11 மீட்டருக்குள் அடங்கும். அடர்காட்டில் ஒரு கிலோமீட்டர் என்பது ஒருநாள் தேடலாகிவிடக் கூடும்.

இத்திறம் மலையேறுவார்க்கே உரியதென எண்ணற்க. ஊரை அடுத்த வயற்காடும் இரவு நேரத்தில் தொலைவிடமே. ஆய்க்குடி போன்ற ஊர்களில் உழவர் இரவில் நீர் பாய்ச்சச் செல்வர். அவருள் ஒருவரைப் பாம்பு தீண்டிற்றாக, வீட்டார் 108-ஐ அழைப்பர். வண்டியோட்டுநர் வினவும் முதல் வினா, "எந்த இடம்?" என்பதே. கிணற்றடிக்குக் கதவெண் இல்லை, தெருப்பெயர் இல்லை. "புதூருக்கு மேற்கே, பெரிய புளியமரத்தைத் தாண்டி" என்பர் உறவினர். புதூர் என்னும் பெயருடைய ஊர்களோ பல, புளியமரங்களோ எண்ணில. கைப்பேசியில் தோன்றும் இரண்டு எண்களை அவ்வீட்டுப் பள்ளிப் பிள்ளை படித்துச் சொல்லுமாயின், அல்லது குறுஞ்செய்தியாக அனுப்புமாயின், வண்டி அலையாது வந்து சேரும். நச்சு முறிமருந்து கிடைப்பதற்கு முன் கழியும் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. களம், கிணறு, தோட்டம் ஆகியவற்றின் எண்களைப் பகலிலேயே குறித்து, அடுப்பங்கரைச் சுவரில் எழுதிவைத்தலினும் எளிய காப்பு வேறில்லை.

மீண்டும் மலைக்குச் செல்வோம். அங்கே கருவியின் குறைகள் புலப்படும். நனைந்த இலைகள் அடர்ந்த மரக்கூட்டம் அலைகளை மெலிவிக்கும். செங்குத்தான பாறைகளில் பட்டுத் திரும்பும் அலை, நேரே வந்த அலையைப் போல நடித்துக் கருவியை ஏமாற்றும். வெட்டவெளியில் சில மீட்டர்க்குள் சரியாகக் காட்டும் கருவி, பள்ளத்தாக்கில் பல மீட்டர் பிழைபடுதல் இதனாலேயே. அவ்விடத்தில் ஓடையோரத்தை விட்டுத் திறந்த மேட்டுக்கு வந்து, சிறிதுபோது அசையாது நின்று பார்த்தல் நலம். கைப்பேசிக்குத் தொலைதொடர்புக் கோபுரம் எட்டாதாயினும் கோள்களின் அலை எட்டும். ஆயினும் கோபுரத்தின் உதவியின்றி முதன்முறை இடங்காணச் சில நிமிடங்கள் ஆகலாம். ஆதலின் அடிவாரத்திலேயே கருவியை இயக்கி, புறப்படும் இடத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். நிலப்படமோ தானே வருவதன்று. அதனை வீட்டிலேயே இறக்கிக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளாதவர், மலைமேல் வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளியை மட்டுமே காண்பர்.

மின்கலத்தைச் செலவழிப்பதில் முதன்மையானது, எட்டாத கோபுரத்தை ஓயாது தேடும் தேட்டம். வானூர்திப் பயணத்திற்கென உள்ள நிலையில் கைப்பேசியை வைத்தால் அத்தேட்டம் நின்றுபோம். பெரும்பாலான கைப்பேசிகளில் இடங்காட்டுதல் மட்டும் நில்லாது. பேச்சு எட்டாத இடத்தில் குறுஞ்செய்தி சிலபோது சென்று சேரும். தன் நிறுவனத்தின் கோபுரம் எட்டாவிடினும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டுமாயின், நாடு முழுவதற்குமான 112 என்னும் இடர்கால எண்ணுக்கு அழைப்புச் செல்லக் கூடும். செயற்கைக் கோள் வழிப் பேசும் தொலைபேசியைப் பயணிகள் கொண்டுசெல்லலாமே எனச் சிலர் கேட்பர். அரசின் இசைவின்றி அதனை வைத்திருத்தல் நம் நாட்டுச் சட்டத்திற்கு மாறானது.

கருவி காட்டும் அம்புக்குறி ஒன்றுண்டு. அது சேரவேண்டிய இடத்தை நேர்கோட்டில் காட்டும். "600 மீட்டர்" எனக் காட்டும்போது இடையே 200 அடிப் பள்ளம் இருப்பதை அது அறியாது. அம்பை நம்பி இறங்கியவர் அருவியின் தலைப்பில் சென்று நிற்பர். ஏறிய பாதையைக் கருவி புள்ளிபுள்ளியாகப் பதிந்து வைத்திருக்குமாயின், அப்பாதை வழியே திரும்புதலே அறிவுடைமை. இடத்தைப் பிறர்க்கு அறிவித்தபின் அவ்விடம் விட்டு அகலாதிருத்தல் வேண்டும். அறிவித்தவர் நடந்துகொண்டே இருந்தால் அறிவித்த எண் பொய்யாகிவிடும்.

இனி, கருவி ஒருபோதும் அறிவியாத செய்திகளும் உள. 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 அகவைச் சிறுவன் ஒருவனைக் கொண்டுசென்றது. மேல்மலையில் பெய்யும் மழை கீழே நிற்பார்க்குத் தெரிவதில்லை. அதனை எந்த இடங்காட்டியும் சொல்லாது. நீர் கலங்குவதையும் சருகு மிதந்து வருவதையும் கண்டு விலகும் முதியோர் கண்ணே அங்கே கருவி. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயிடையே மலையேற்றக் குழுவினர் அகப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஊர்மக்களும் வனத்துறையினரும் தீயணைப்போரும் வான்படையினரும் முயன்றும் அத்தனை உயிர்களைக் காக்க இயலவில்லை. காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி விரையும். அங்கே தான் நிற்கும் எண்ணை அறிந்தவனுக்கும் ஓடவேண்டிய திசையை அவ்வெண் கூறாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கென 40 பாதைகளை வரையறுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. கருவி கையில் உள்ளதென்று இசைவு பெறாத காட்டினுள் புகுவார், அவ்வேற்பாட்டின் பயனை இழப்பதோடு சட்டத்தையும் மீறியோர் ஆவர்.

தன் இடத்தை அறிந்தும் பிறர்க்கு உணர்த்த இயலாமையின் கொடுமையைக் கடலே முழுதும் காட்டிற்று. பொதிகைத் தொடர் தெற்கே தாழ்ந்து முடியும் குமரி மாவட்டத்தின் கரையில், தூத்தூர் முதலிய ஊர்களின் மீனவர் ஆழ்கடலில் பன்னாட்கள் தங்கி மீன்பிடிப்போர். அவர் படகுகளில் இடங்காட்டும் கருவி வழக்கமாகவே உண்டு. நடுக்கடலில் தாம் நிற்கும் எண்ணை அவர் நன்கறிவர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைந்து உருவாயிற்று. கரையில் விடுத்த எச்சரிக்கை ஆழ்கடலை எட்டவில்லை. படகிலிருந்த சிறு வானொலிக் கருவிகளின் குரலும் கரையை எட்டவில்லை. தமிழ்நாட்டு மீனவரும் கேரள மீனவருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மீளவில்லை. எண்ணைத் தம் திரையில் கண்டவாறே அலைக்குள் ஆழ்ந்தோர் எத்துணையரோ!

அதன் பின்னர் இரு திசையிலும் வழி தேடப்பட்டது. 2019-இல் ஜெமினி என்னும் கருவி வந்தது. கோபுரம் எட்டாத கடலிலும் செயற்கைக் கோள் வழியே புயற் செய்தியைப் பெற்று மீனவரின் கைப்பேசிக்குத் தருவது அது. ஆயினும் அது கேட்கும் செவியே, பேசும் வாயன்று. பேசும் வாயாக அமைந்தது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஆக்கிய இடர் அறிவிப்புக் கருவி; 2010 முதல் வழக்கில் உள்ளது. இடருற்றவர் அதன் பொத்தானை அழுத்தினால், படகின் இடமும் இடரின் வகையும் கோள் வழியே பெங்களூரிலுள்ள நிலையத்தை அடையும். அங்கிருந்து கடலோரக் காவற்படைக்குச் செல்லும். அப்படைக்கு நேரே அழைக்க 1554 என்னும் எண்ணும் உண்டு. ஆனால் அது கோபுரம் எட்டும் கரையோரத்திற்கே உதவும்.

அக்கருவியிலும் முதலில் ஒரு குறை இருந்தது. பொத்தானை அழுத்தியவன் தன் செய்தி கரை சேர்ந்ததோ இல்லையோ என்பதை அறியான். இருளில், நீர் ஏறும் படகில், அவன் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பான். அல்லது நம்பிக்கை இழந்து படகை விட்டுக் குதிப்பான். 2024 சனவரியில் அக்கருவியின் இரண்டாம் வகை வெளிவந்தது. அதில் செய்தி சென்று சேர்ந்ததும் நிலையத்திலிருந்து மறுமொழி ஒன்று படகுக்கு வருகின்றது: செய்தி கிடைத்தது, உதவி வருகின்றது.